ஒண்ணு குறைஞ்ச பாடசாலை

முன்னொரு காலத்துல, அதாவது ராஜா தும்முனாக்கூட அதைச் சட்டம்னு எழுதி வச்ச காலத்துல, ஒரு ராஜா இருந்தாரு. ஒரு நாள் காலையில எந்திரிச்சதும் அவருக்கு ஒரு ஆசை வந்துச்சு பாருங்க. ஏழு வயசான பிள்ளைங்க அத்தனையும் அரண்மனைப் பாடசாலைக்கு வந்துரணும். வராத பிள்ளைய காவலாளி தூக்கிட்டுப் போய் அரண்மனை விடுதியில விட்டுருவான். பெத்தவங்க வருசத்துக்கு ஒரு நாள்தான் பாக்கலாம். முரசும் அடிச்சாச்சு.

அந்தச் சபையில விகடம் பண்றவரு ஆவுடையப்பன். பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. ஒரே மக, கோமு. எட்டு வயசு. கெட்டிக்காரி, ஆனா பேசும்போது வாய் திக்கும். பாடசாலைக்குப் பத்து நாள் போனா. பதினோராம் நாள் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "போ... போ... போக மாட்டேன்பா"ன்னுட்டா. ஏன்னு கேட்டா கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டா. ஆவுடையப்பன் தானே போய் பாடசாலை ஜன்னல் ஓரமா நின்னு பாத்தாரு. பாத்துட்டு வந்தவரு அன்னிக்குச் சோறு திங்கல. மறுநாள்லருந்து மகளுக்கு வீட்டுலயே பாடம்.

பாடசாலைத் தலைவர் திருவேங்கடப் புலவருக்கு ஆவுடையப்பன்னாலே ஆகாது. ராஜா எப்பவும் இவன் மூஞ்சியவே பாக்குறாரேன்னு வயித்தெரிச்சல். சபைக்கு ஓடுனாரு.

"மன்னா, தங்கள் ஆணையைத் தங்கள் விகடகவியே மீறுகிறார். மகளை வீட்டிலேயே வைத்திருக்கிறார்."

"உண்மையா, ஆவுடையப்பா?"

"உண்மைதான் மகாராஜா. ஆனால் நாள் தவறாமல் படிக்கிறாள். வீட்டில் கற்கவும் ஒரு வழி தாருங்கள்."

புலவர் முந்திக்கிட்டாரு. "தரலாம் மன்னா. பாடசாலையில் நடப்பதெல்லாம் அந்த வீட்டிலும் நடக்க வேண்டும். நாமே போய்ப் பார்ப்போம். ஒன்று குறைந்தாலும் பெண் விடுதிக்குப் போக வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். மூன்று நாள் அவகாசம்"னாரு ராஜா.

மூணாம் நாள் உச்சிவேளையில ராஜாவும் புலவரும் ஒரு காவலாளியோட வந்து கதவைத் தொறந்தா, உள்ள என்ன நடக்குது? உத்தரத்துல அண்டா மூடி தொங்குது, அதான் மணி. கோமு பலகை முன்னாடி உக்காந்து ஓலையில பூனை வரையுறா. ஆவுடையப்பன் இம்மாம்பெரிய தலைப்பாகையக் கட்டிக்கிட்டு, வாயப் பொளந்து குறட்டை விடுறாரு. மடியெல்லாம் முறுக்குத் தூளு, பக்கத்துல முறுக்குச் சட்டி.

"ஆவுடையப்பா! என்ன இது?"

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. பாடசாலையில் இரண்டாம் மணி அடித்ததும் புலவர் உறங்குவார். நானும் உறங்கினேன். பிள்ளைகள் கொண்டுவரும் முறுக்கை அவரே தின்பார். கோமு அடுக்களையிலிருந்து கொண்டுவந்ததை நானே தின்றேன். விழித்ததும் 'மிச்சம் நாளைக்கு' என்பார். அதை இன்னும் சொல்லவில்லை, சற்றுப் பொறுங்கள்."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு முறுக்குச் சட்டியில விழுந்துச்சு. புலவர் மூஞ்சியப் பாக்கணுமே, அவிச்ச கத்திரிக்கா மாதிரி ஆகிப்போச்சு.

அதோட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஆவுடையப்பனால முடியல.

"ஆனால் மகாராஜா, ஒன்று குறைகிறது."

புலவர் துள்ளுனாரு. "கேட்டீர்களா மன்னா! அவர் வாயாலேயே! காவலா, பெண்ணை விடுதிக்கு அழைத்துப் போ!"

கோமு ஓடிவந்து அப்பா வேட்டியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

"பொறு," ராஜா கையைத் தூக்குனாரு. "என்ன குறைகிறது?"

"பாடசாலையில் என் மகள் வாய் திறந்தால் நாற்பது பிள்ளைகள் கண்ணைச் செருகி, கழுத்தை வெட்டி இழுத்து, அவளைப் போலவே திக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அதை மட்டும் இங்கே நடத்த என்னால் ஆகவில்லை. அவர்களுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்."

ராஜாவுக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. போன நவராத்திரிக் கொலுவுல, தோட்டக்காரர் இசக்கிமுத்து திக்கிப் பேசுறத ஆவுடையப்பன் சபையில நடிச்சுக் காட்டுனாரு. இதே கண்ணு, இதே கழுத்து வெட்டு. இசக்கிமுத்து பூக்கூடையோட வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாரு. ராஜா விழுந்து விழுந்து சிரிச்சு முத்துமாலை குடுத்தாரு. ஊர்ப் பிள்ளைங்க அதை அப்படியே பிடிச்சுக்கிச்சு. வீட்டுல தன் மக திக்குறது ஆவுடையப்பனுக்குத் தெரியாதா? தெரியும். கைதட்டு வாங்குற நேரத்துல வீடு ஞாபகம் வரல, அவ்வளவுதான்.

"அன்று உரக்கச் சிரித்தவன் நான்," ராஜா மெதுவாச் சொன்னாரு. "இனி விரும்புகிறவர்கள் வீட்டிலேயே கற்பிக்கலாம். முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, வருடம் ஒருமுறை பரீட்சை எழுதினால் போதும். வாயால் ஒப்பிக்க வேண்டியதில்லை." அப்புறம் புலவரைப் பாத்தாரு, மறுபடி சிரிப்பு வந்துருச்சு. "உறங்கும் பாடம் மட்டும் உமக்கே!" தன் பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடையப்பன் தோள்ல போத்துனாரு.

ஆவுடையப்பன் அந்தச் சால்வையோட, கோமுவக் கூட்டிக்கிட்டு நேரா இசக்கிமுத்து தோட்டத்துக்குப் போனாரு. கொலு அன்னிக்கு வாயை மூடுனவரு இசக்கிமுத்து. அதுக்கப்புறம் யார் கேட்டாலும் சைகைதான்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்"னு சால்வைய நீட்டுனாரு. இசக்கிமுத்து சால்வையப் பாத்தாரு, ஆளைப் பாத்தாரு, திரும்பி மல்லிகைப் பாத்தியக் கொத்த ஆரம்பிச்சுட்டாரு.

கோமு வேலியைத் தாண்டி உள்ள போய் பாத்தி ஓரமா உக்காந்தா.

"மாமா, உங்களுக்கு எந்த எழுத்து வராது?"

மண்வெட்டி நின்னுச்சு. இசக்கிமுத்து அவ பக்கம் திரும்பி, "க... க... 'க'தான் தாயி. உனக்கு?"

"எனக்குப் ப... ப... 'ப'."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க பாருங்க! ஒருத்தர் வார்த்தைய இன்னொருத்தர் இடையில முடிச்சு வைக்கல. பொழுது சாயுற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாங்க. ஆவுடையப்பன் வேலிக்கு வெளிய நின்னாரு. அவருகிட்ட மட்டும் இசக்கிமுத்து ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கும் பேசல, அப்புறமும் பேசல. வேலி மேல போட்டுட்டு வந்த அந்தச் சால்வைய யாரும் எடுக்காம, அது வெயில்ல கிடந்து வெளுத்தே போச்சு.