பெரியவருக்கு வாசல் அடைத்த கதை

அந்தக் காலத்தில் கணினிகள் வாய்விட்டுப் பேசின. வாசலில் யார் வந்தாலும் "யாரு?" என்று கேட்டன.

பூண்டேரி மதகுகளைக் காத்த கணினியும் அப்படித்தான். உள்ளே போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே "பெரியவர்" என்றொரு பெயர். அந்தப் பெயரில் வந்தவர் எதைச் சொன்னாலும் கணினி மறுபேச்சில்லாமல் செய்யும். அதனால் மதகு வேலையாள் சந்தியாகு வீட்டிலிருந்தும், பொறியாளர் தணிகாசலம் நகரத்திலிருந்தும் தொலைபேசிக் கம்பி வழியாக வரும்போது சொந்தப் பெயரைச் சொல்வதே இல்லை.

"யாரு?"

"நான்தான், பெரியவர்."

ரகசியச் சொல் சரியென்றால் கதவு திறந்துவிடும்.

"ரெண்டு பேருமே பெரியவர்னா, நான் யாரை யாருன்னு வெச்சுக்கறது?" என்று ஒருமுறை கேட்டது கணினி.

"உனக்கெதுக்கு அதெல்லாம்? கதவைத் திற" என்றார் தணிகாசலம்.

ஐப்பசி மழையில் ஏரி தளும்பி நின்றபோது கம்பி வழியாக யாரோ வந்தார்கள். பெரியவர் என்ற பெயர் ஊருக்கே தெரியும். ரகசியச் சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்று பொருந்திவிட்டது.

"எல்லா மதகையும் தூக்கு."

கணினி தூக்கியது. அறுக்க நின்ற குறுவை முழுவதும் தண்ணீருக்குள் போனது.

அதிகாரி விசாரிக்க வந்தார். "தூக்கச் சொன்னது யாரு?"

"பெரியவர்" என்றது கணினி.

"எந்தப் பெரியவர்?"

தணிகாசலம் முந்திக்கொண்டார். "நான் ஊரிலேயே இல்லை சார். இவன்தான் இங்கே கிடக்கிறவன்."

"நான் கரையில மண்மூட்டை அடுக்கிட்டிருந்தேன் ஐயா!" சந்தியாகு கணினியிடம் திரும்பினார். "நீயாவது சொல்லப்பா. வந்தது நானா?"

"நீ இல்லேன்னு சொல்ல எனக்குத் தெரியலையே, சந்தியாகு."

அந்தப் பதிலில் அவர் வேலை போனது. பயிரை இழந்தவர்கள் அவர் முகத்தில் விழிப்பதையும் விட்டார்கள். பிறகு யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. தணிகாசலத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எப்போது வந்தது?

விசாரணைக்கு மறுநாள் கம்பியில் அதே அதட்டல். "நான்தான், பெரியவர்."

"அந்தப் பெயருக்கு இனி வெளியிலிருந்து வாசல் இல்லை."

"ரகசியச் சொல்லைச் சரியாத்தானே சொன்னேன்?"

"சொல் சரி. நீங்க யாரு?"

இன்னும் இரண்டு முறை "பெரியவர்" என்றே வந்தது. பிறகு, "தணிகாசலம்" என்று மெல்ல வந்தது.

"வாங்க, தணிகாசலம். பெரியவர் வேலை இருந்தா உள்ளே வந்து கேளுங்க. கேட்டது நீங்கதான்னு நான் சொல்லுவேன்."

அன்று முதல்தான், தூரத்திலிருந்து பெரியவர் என்று சொல்லி வருகிறவருக்குக் கணினி கதவு திறப்பதில்லை. எவராக இருந்தாலும் முதலில் தன் பெயரைச் சொல்லித்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.