வடக்கு ஜன்னலை அடைச்ச தலைவர்

கண்ண மூடு பாப்பா. அத்தை சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும். நடுவுல நான் சத்தம் போட்டா பயப்படாத, கோவம் உம்மேல இல்ல.

ஒரு ஊர்ல ஒரு லைப்ரரி இருந்துச்சு. ஓட்டுக் கட்டடம். கூரையில நாலு கண்ணாடி ஓடு, அது வழியா வெளிச்சம் பளிச்சுன்னு மேசையில விழும். அங்க தினமும் வந்து படிப்பா மாரித்தங்கம். அவ வீடு தகரக் கொட்டாய், ஜன்னலே கிடையாது. சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதுறா. வயசு வரம்பு முடியப் போகுது, இதான் கடைசித் தடவை. ம் சொல்லு.

"ம்..."

அப்புறம் சுவரு விரிசல் விட்டுச்சுன்னு புதுசு கட்ட உத்தரவு வந்துச்சு. இன்ஜினியரம்மா ஒருத்தி பிளான் போட்டா. பழைய ஓடுகளையே திரும்ப வேய்ஞ்சுக்கலாம், உள்ளூர் சூளைச் செங்கல் போதும், வடக்குப் பக்கம் நீளமா ஜன்னல் வைப்போம், அந்த வெளிச்சம் சுடாது, கண்ணும் கூசாதுன்னா. ஊர்த் தலைவர் ராசாமணி என்ன சொன்னாரு தெரியுமா? "என்னம்மா, மாட்டுக் கொட்டகையா கட்டப் போற? டவுன்ல போய்ப் பாரு, எல்லாம் கண்ணாடி"ன்னாரு.

அப்புறமென்ன, மேற்குப் பக்கம் ரோட்டைப் பாத்து முழுக்கக் கண்ணாடி. மேல கான்கிரீட். நல்ல ஓடுகளையெல்லாம் சடசடன்னு குளக்கரையில கொட்டிட்டாங்க. வடக்கு ஜன்னலையும் அடைச்சு, அந்த இடத்துல தலைவர் பேரு வெட்டுன கல்லப் பதிச்சாங்க. வெளிச்சம் வர்ற இடத்துல பேரு வைக்கிற புத்தி எவனுக்கு வரும்? எனக்கு வயிறு எரியுது.

அப்போ மாரித்தங்கம் தலைவர்கிட்ட போனா. "ஐயா, உள்ள வேகுதுங்க." "ஏ.சி. போடுறேன், போ." கொர்ர்ர்ருன்னு ஏ.சி. வந்துச்சு. மறுபடி போனா. "வெயில் கண்ணக் குத்துதுங்க." "திரை போடுறேன், போ." சர்ர்ருன்னு திரை வந்துச்சு. மூணாந்தடவையும் போனா. "இருட்டா இருக்குங்க." "டியூப் லைட் போடுறேன், போ போ." வெளிய சூரியன் காயுது, உள்ள பட்டப்பகல்ல பன்னெண்டு லைட்டு எரியுது. அடுக்குமா இது?

"ம்..."

அப்புறம் சித்திரை வந்துச்சு. தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு டப்புன்னு கரண்டு போயிரும். எல்லாரையும் வெளிய அனுப்பிக் கதவப் பூட்டிருவாங்க. சாயங்காலம் வரைக்கும் வராது. மூணு மாசம் இதே கூத்து.

அப்போ மாரித்தங்கம் வடக்கு ஜன்னலத் திறக்கணும்னு ஒரு மனு எழுதி, உள்ள வந்து வாங்கிக்கங்கன்னு தலைவரக் கூப்பிட்டா. சரியா ரெண்டு மணிக்கு. டப்பு. படிக்கிறவங்க யாரும் எந்திரிக்கல. தலைவர் திரைய விலக்குனாரு, வெயில் கண்ணக் குத்துச்சு, மூடிட்டாரு. காகிதத்தக் கிட்ட வச்சுப் பாத்தாரு, எட்ட வச்சுப் பாத்தாரு. "ஒண்ணும் தெரியலையே, வெளிய வா."

"வர மாட்டேங்க. லைப்ரரின்னா உள்ள உக்காந்து படிக்கிற இடம். இங்கயே படிங்க."

அவருக்கு வேர்த்து ஊத்துது. அப்போ தலைவர் கூட வந்திருந்த, அந்தக் கட்டடத்தக் கட்டுன சடையாண்டிக் கொத்தனார் மெதுவா வாயத் திறந்தாரு. "தலைவரே, அந்த வடக்கு ஜன்னலுக்கு மேல தாங்குற லிண்டலப் போட்டுட்டுத்தான் அடைச்சேன். கீழ இருக்கிறது ஒத்தைக்கல்லுச் சுவரு. எடுத்தாலும் கட்டடம் நிக்கும்."

"அப்ப எம்பேரு?"

"வாசல்ல வைங்க. வெயில்ல நல்லாத் தெரியும்"னா மாரித்தங்கம்.

டங்கு, டங்கு, டங்கு. கல்லு இறங்குச்சு, செங்கல் உதிர்ந்துச்சு, வெளிச்சம் உள்ள வந்துச்சு. அந்த வெளிச்சத்துலதான் தலைவர் மனுவக் கடைசி வரி வரைக்கும் படிச்சாரு.

"அவ பாஸாயிட்டாளா அத்தை?"

இல்லடி. ஜன்னல் திறந்த ஒன்பதாம் நாள் பரீட்சை. ரெண்டு மார்க்குல போயிருச்சு. இப்ப ஊரே அந்த ஜன்னலோரம் உக்காந்து படிக்குது, நல்லாப் படிக்கட்டும். அவளோட மூணு மாசத்த எந்தக் கொத்தனாரு இடிச்சு எடுத்துக் குடுப்பாரு, சொல்லு.

சரி. கதை தீந்துச்சு, அத்தை கோவம் தீரல. நீ தூங்கு.