கும்பிட்ட குஞ்சும் எதிர்த்த குஞ்சும்

ஒரு ஊர்ல, கடலோரமா, தில்லைக்கண்ணுன்னு ஒரு இறால் குட்டைக்காரர் இருந்தாராம். ம் சொல்லு. சொல்லலேன்னா நிறுத்திடுவேன். ஆங், அப்படி.

அவருக்கு எதிர்த்துப் பேசினா ஆகாது. உச்சி வெயில்ல நிலா காயுதுன்னாலும் கூட நிக்கிறவன் "ஆமாங்க"ன்னு சொல்லணும். அவர் பொஞ்சாதி செங்கமலம் மட்டும் "வெயில் மண்டையைப் பொளக்குது, உள்ள வாங்க"ம்பா. அதனாலயே அவ பேச்சு இவருக்கு வேப்பங்காயாக் கசக்கும்.

ரெண்டு தடவை குட்டையில இறால் மொத்தமாச் செத்துப்போச்சு. மூணாவது தடவையும் செத்தா, மச்சினனோட ஐஸ் கம்பெனிக்குக் கைகட்டி வேலைக்குப் போகணும். அதை நினைச்சாலே மனுசனுக்குச் சோறு இறங்காது.

அப்புறம், குட்டையில விட இறால் குஞ்சு வாங்க ரெண்டு பேரும் கிளம்பினாங்க. இவரு பொண்ணு பார்க்கப் போற மாதிரி சலவை வேட்டி, ஜவ்வாது. குஞ்சு விக்கிறவன் மூணு பேசின்ல மொண்டு வெச்சான். ஒவ்வொண்ணும் கண்ணிமை முடி அளவுதான் இருக்கும். "தண்ணியைக் கையால ஒரு சுத்து சுத்திவிட்டுப் பாருங்க"ன்னா செங்கமலம்.

மொதல் பேசின். சளக், சளக், சளக். குஞ்செல்லாம் தண்ணியோடவே கிறுகிறுன்னு சுத்தி நடுவுல குமிஞ்சு போச்சு.

"உங்களைப் பார்த்ததும் கூடி நின்னு கும்பிடுதுங்க"ன்னான் விக்கிறவன். இவருக்கு வாயெல்லாம் பல்லு.

அப்போ ரெண்டாவது பேசின். சளக், சளக். பாதி நடுவுல, பாதி ஓரத்துல. ஒத்துமையில்லாத குடும்பம்னு தள்ளிட்டார். தூங்கிட்டியா? ம்.

மூணாவது பேசின். சளக். ஒண்ணு விடாம தண்ணி வர்ற பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, விறுவிறுன்னு எதிர்நீச்சல் போட்டு ஓரத்துல நின்னுச்சு.

"திமிரைப் பாரு. என் கையையே எதிர்க்குது."

"தெம்பு இருக்கு, எதிர்க்குதுங்க. நடுவுல குமியறதுதான் சீக்கு. அதை வாங்காதீங்க"ன்னா அவ.

"நீயும் அதுங்க கூட்டம்தானே, பரிஞ்சுதான் பேசுவ."

அப்புறம் என்ன, கும்பிட்ட குஞ்சையே வாங்கிக் குட்டையில விட்டார். இருபதாம் நாள் வலை வீசினார். சொத். சேறுதான், ஒரு இறால்கூட இல்ல. மறுபடி வீசினார். சொத். மூணாவது வீச்சுக்கும் சொத். கூட நின்ன ஆமாங்க எல்லாம் எந்தப் பக்கம் போனாங்கன்னே தெரியல. மனுசன் கரையில உக்காந்து அழுதே போட்டார்.

குட்டையைச் செங்கமலம் எடுத்துக்கிட்டா. காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, எதிர்த்து நிக்கிற குஞ்சாப் பார்த்து வாங்கி விட்டா. விரல் தண்டிக்கு வளர்ந்து துள்ளுச்சு. அவரு? ஐஸ் கம்பெனியில இருக்கார். மச்சினன் "ஐஸ் சுடுது"ன்னு சொன்னா, "ஆமாங்க மொதலாளி"ங்கிறாராம்.

என்னது, தூக்கம் வரலையா? கதை சின்னதா இருக்கா? முந்தாநாள் காய்ச்சல்ல எது சொன்னாலும் ம், ம்னு கிடந்த, நான் ராத்திரியெல்லாம் முழிச்சே உக்காந்திருந்தேன். இன்னிக்கு எதிர்த்துப் பேசுற. உடம்பு தேறிடுச்சு. கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.