நாலு பக்கப் புகார்

ஓரியம்பட்டி பால் சங்கத்தில் பிரிண்டர் சீட்டு அடிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து.

சீட்டு இல்லாமல் லாரியில் பால் ஏறாது. முதல் நாள் பால் அத்தனையும் ஊருக்குள் பாயசமானது. இரண்டாம் நாள் தயிர். மூன்றாம் நாள் காலை லாரிக்காரர் சவரிமுத்து கறாராகச் சொல்லிவிட்டார்: பத்து மணிவரை நிற்பேன், சீட்டு வராவிட்டால் இனி இந்த ஊர்ப் பக்கமே வண்டி திரும்பாது.

சங்கத்தில் மூன்று பேர். செயலாளர் வீரபாகு, பால் அளக்கும் எத்திராசு, கம்ப்யூட்டர் தட்டும் குணவதி. மூன்று பேர் மூளையையும் ஒரு கேனில் ஊற்றினால் அடி நனையாது.

சும்மா இருந்தார்கள் என்று சொல்லக்கூடாது. திரையில் 'பிரிண்டரைப் பார்க்கவும்' என்று வந்தது. இரண்டு நாளாக முறை வைத்துப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள்தான் சாப்ட்வேர் கம்பெனியின் உதவி மையத்துக்கு மெயிலில் புகார் எழுதினார்கள். "வேலை செய்யவில்லை. இப்படிக்கு, வீரபாகு." அவ்வளவுதான்.

அங்கே நிவேதா என்றொரு பொறுமைசாலி. யார், எது வேலை செய்யவில்லை, திரையில் என்ன தெரிகிறது, ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று கேட்டாள்.

எழுதினார்கள். நாங்கள் மூவரும் வேலை செய்யவில்லை, பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திரையில் தூசி, செத்த கொசு ஒன்று, எங்கள் முகம் மூன்று.

"அதுல வந்திருக்கிற எழுத்தையும் போடலாமா சார்?" என்றாள் குணவதி.

"நமக்கு வந்த சேதியை வெளியாளுக்குச் சொல்றதாம்மா?" என்றார் வீரபாகு.

நிவேதா திரையைப் படமாக அனுப்பச் சொன்னாள். எத்திராசு வரைந்தான். நல்ல கை. பின்னால் ஒரு மலையும் இரண்டு தென்னையும் சேர்த்திருந்தான். அதைச் செல்போனில் போட்டோ பிடித்து அனுப்பினார்கள்.

மணி ஒன்பது. வெளியே சவரிமுத்து ஹாரனை அழுத்தினார்.

கோளாறுக்கு முன்னால் என்னென்ன செய்தீர்கள், வரிசையாக எழுதுங்கள் என்றாள் நிவேதா. நாலு பக்கம் போனது. வீரபாகு பல் தேய்த்ததில் தொடங்கியது. மூன்றாம் பக்கத்தில், தராசுக்குப் பொட்டு வைத்ததற்குக் கீழே ஒரு வரி: "பிரிண்டர் பாவம், வருஷம் முழுக்கப் பேப்பரைத்தான் தின்கிறது. அதன் வாயில் இரண்டு கைப்பிடி பொரிகடலை போட்டோம்."

நிவேதா போனிலேயே வந்துவிட்டாள். "சார், முதல்ல அந்தப் பொரியை வெளிய எடுங்க."

வீரபாகு போனை வைத்துவிட்டுக் கூட்டம் கூட்டினார்.

"படைச்சதைத் திரும்ப எடுக்கிறதா?"

"தப்பு சார். அதுவா மனசு வந்து குடுத்தா வாங்கிக்கலாம்" என்றான் எத்திராசு.

"கேட்டுப் பார்த்தேன். குடுக்கலை" என்றாள் குணவதி.

வீரபாகு ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தார். "மனுஷன் எடுத்தாத்தானேய்யா தப்பு?"

பத்துக்கு ஐந்து நிமிஷம். எதிர்வீட்டு அம்மாக்கண்ணுவின் செவலைக் கோழியைத் தூக்கி வந்து, பிரிண்டர் மூடியைத் திறந்து உள்ளே விட்டார்கள். அது பொரியைக் கொத்தித் தீர்த்தது. சீட்டு சரசரவென்று வந்தது. சவரிமுத்து பாலை ஏற்றிக்கொண்டு போனார்.

மாலையில் உதவி மையத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. தங்கள் கோளாறைச் சரிசெய்தவர் யார், அவர் சேவை எப்படி?

வீரபாகு பொய் எழுத மாட்டார். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். அடுத்த முறையும் இவரையே அனுப்பவும் என்று சேர்த்தார். பெயர்: செவலை. பதவி: கோழி.