ஆளுக்கொரு பிடி முளை

சந்தனமாரி, ஊர்ச் சட்டிகளை எல்லாம் இருட்டில் வைத்திருந்த முளைப்பாரி வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் தன் சட்டியைத் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. மற்றச் சட்டிகளில் எல்லாம் முளை வெளிர்மஞ்சளாக ஒரு முழத்துக்கு எழும்பி நின்றது. அவள் சட்டியில் மட்டும் முக்கால் பங்கு சரிந்து கிடந்தது. தொட்டால் கொழகொழவென்று விரலில் ஒட்டியது.

சாயங்காலம் அம்மன் கோயில் கொடை விழா. வெயில் தாழ்ந்ததும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவரவர் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவழியே குளத்துக்குப் போக வேண்டும். முளை செழித்தால் வீடு செழிக்கும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் மாமியார் சொர்ணத்தாய்க்கு எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

"முளை மட்டும் சுணங்கிச்சு, கொடை முடிஞ்ச மறுநாளே உன்னைய உங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன். பேரன் எங்கிட்ட இருப்பான். வெளங்காத கையில என் வீட்டுப் பிள்ள வளர வேண்டாம்."

விதை போட்ட அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டாள். அப்புறம் சோறு வடிக்கையில் சொன்னாள், துணி காயப்போடுகையில் சொன்னாள், தொட்டிலை ஆட்டிக்கொண்டு தாலாட்டு மாதிரியும் சொன்னாள். புருசன்காரன் கேரளாவில் லாரி ஓட்டுகிறான். ஃபோனில் அழுதால், "அம்மா அப்படித்தான், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பான். அதற்கு மேல் ஹாரன் சத்தம்தான் கேட்கும்.

கதவு திறந்தது. ஆவுடையம்மாள் வந்தாள். ஊர்ப் பெண்களுக்குக் கும்மிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். முளைக்குத் தண்ணீர் தெளிக்கிற பொறுப்பும் அவளுடையது. அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருகிறதோ இல்லையோ, கையில் ஒரு வேலை வந்து சேரும்.

அவள் சட்டியைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"ரெண்டு நாளா வாடை அடிச்சுது. எலிதான் செத்துக் கெடக்குன்னு நெனச்சேன். நீயும் தண்ணி ஊத்துனியாட்டி?"

சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வளரலியோ, வளரலியோன்னு பயமா இருந்துச்சுக்கா. மத்தியானம் யாரும் இல்லாதப்போ வந்து ஒரு செம்பு ஊத்துவேன்."

"தெனமுமா?"

"எங்கத்தை வைய வைய ஊத்துனேன்."

"அப்போ குளமே வத்தியிருக்கணுமே" என்றாள் ஆவுடையம்மாள்.

சந்தனமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அழுகை ஜெயித்தது.

அந்நேரம் செல்லக்கிளியும் வேலம்மாவும் வாழைநாரும் பூவுமாக வந்தார்கள். சந்தனமாரியும் அவர்களும் ஒரே வருசம் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். செல்லக்கிளி சட்டியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏட்டி, என் சட்டியத் தூக்கிட்டுப் போ. இத நான் தூக்குதேன். எங்க மாமியாருக்கு எதிர்ல வார பஸ்ஸே தெரியாது, முளையா தெரியப் போவுது?"

"சட்டிக்குக் காவி தீட்டினதே எங்கத்தைதான். தூரத்துலயே கண்டுபிடிச்சிருவா."

"அப்போ இப்பமே பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் பஸ் ஏறு. அவ அனுப்புததுக்கு முந்தி நீயே போயிரு."

"பிள்ள அவ மடியிலல்லா கெடக்கு."

வெளியே கோயிலில் மைக் சோதிக்கிறவன், "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

சந்தனமாரி ஆவுடையம்மாளைப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாப் பாட்டும் சொல்லித் தந்தீங்க. இந்த மாமியாகூட எப்படிக் காலந்தள்ளன்னு சொல்லித் தரலியே?"

ஆவுடையம்மாள் சந்தனமாரியின் சட்டிக்குள் கையை விட்டு, அழுகியதையெல்லாம் வழித்து ஓலைப்பெட்டியில் போட்டாள். பிறகு தன் சட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நடுவில் கையை நுழைத்து, வேரோடு ஒரு பிடி முளையைப் பிடுங்கினாள்.

செல்லக்கிளி அலறிவிட்டாள். "யக்கா! வீட்டு முளையைப் புடுங்குதீங்களே!"

பிடுங்கியதைச் சந்தனமாரியின் சட்டியில் ஊன்றி, ஈர மண்ணை விரலால் அழுத்திவிட்டாள் ஆவுடையம்மாள். அது நின்றது.

"வாழைநாரக் கொண்டா" என்றாள்.

செல்லக்கிளி நாரை நீட்டவில்லை. அதைக் கீழே வைத்தாள். பிறகு தன் சட்டியின் முன்னால் மண்டியிட்டாள். "அம்மா தாயே, எங்க வீட்டுக்காரரு எப்படியும் வெளங்கப் போறதில்ல. ஒரு பிடி கொறஞ்சா ஒண்ணும் ஆயிராது" என்று கும்பிட்டுவிட்டுப் பிடுங்கினாள்.

அடுத்து வேலம்மா எழுந்தாள். சந்தனமாரி பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வேண்டாம்ளா. நீ பிள்ள வரம் கேட்டுப் போட்ட முளை."

வேலம்மாவுக்குக் கல்யாணமாகி வருசம் பல ஆகியிருந்தது. மற்றவர்கள் வெறும் முளை போட்டார்கள். அவள் விரதம் இருந்து போட்டிருந்தாள். இருக்கிறதிலேயே அவள் சட்டிதான் நெருக்கமாக, ஒரு சீராக நின்றது.

"கைய விடு."

"வேலம்மா, சொன்னாக் கேளு."

"உம் பிள்ளைய எத்தன நாளு எம் மடியில போட்டுட்டுத் தண்ணிக்குப் போயிருக்க? அப்போ வேண்டாம்னேனா? கைய விடுட்டி."

வேலம்மா கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள். பிடி கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

நாரைச் சுற்றி, பூவைக் கட்டி முடிக்கிற நேரத்தில் வாசலில் குரல் கேட்டது.

"பிள்ளையப் பசியில போட்டுட்டு மகாராணி இங்க மாநாடு நடத்துதாளோ?"

சொர்ணத்தாய் இடுப்பில் பேரனோடு உள்ளே வந்தாள். நேராகத் தன் வீட்டுச் சட்டியிடம் போனாள். காவிப் பட்டையைப் பார்த்தாள். முளையைப் பார்த்தாள்.

"இது என்னது? ஒண்ணு நெட்ட, ஒண்ணு குட்ட, ஒண்ணு சாஞ்சு நிக்கி? பால்வாடிப் பிள்ளைகள வரிசையில நிப்பாட்டுன மாதிரி?"

அவள் மற்றச் சட்டிகளைப் பார்த்தாள். ஆவுடையம்மாள் சட்டியின் நடுவில் ஒரு பள்ளம். செல்லக்கிளியுடையதில் ஒன்று. வேலம்மாவுடையதில் கொஞ்சம் பெரிதாக ஒன்று. பிறகு ஓலைப்பெட்டியில் கிடந்த அழுகலைப் பார்த்தாள்.

"ஆவுடை."

"சொல்லுங்க மயினி."

"ஒரு வீட்டு முளைய இன்னொரு வீட்டுச் சட்டியில சேக்கக் கூடாதுன்னு ஒனக்கு நான் சொல்லித் தரணுமோ?"

"வேண்டாம். தெரியும்."

"பொறவு?"

"சேத்தாச்சு."

சொர்ணத்தாய் மருமகள் பக்கம் திரும்பினாள். "அழுகிப்போச்சா?"

சந்தனமாரி நிமிர்ந்து சொன்னாள். "ஆமா அத்தை. நாந்தான் தண்ணிய ஊத்திக் கெடுத்தேன்."

"நெனச்சேன். அப்போ நான் சொன்னது சொன்னதுதான். இந்தச் சட்டி தெருவுல வரக் கூடாது. நீயும் நாளைக்கு இந்தத் தெருவுல இருக்கக் கூடாது."

குனிந்து சட்டியின் விளிம்பைப் பிடித்தாள். குழந்தை அம்மாவைக் கண்டுவிட்டுக் கையை நீட்டி நெளிந்தது. சொர்ணத்தாய் பேரனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் தடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்து எழக்கூட இல்லை.

"தாராளமா எடுத்து வெளிய வைங்க மயினி. அதுல என் வீட்டு முளை இருக்கு. செல்லக்கிளி வீட்டு முளை இருக்கு. வேலம்மா பிள்ள கேட்டுப் போட்ட முளை இருக்கு. வெளங்காதுன்னு சொல்லித்தான் வெளிய வைக்கப் போறீங்க. அந்த வார்த்தைய வேலம்மா மூஞ்சியப் பாத்து ஒருக்கச் சொல்லிட்டு வைங்க."

சொர்ணத்தாயின் கை சட்டியிலேயே இருந்தது. வேலம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்கவில்லை. செல்லக்கிளி வேலம்மா பக்கத்தில் போய் நின்றாள். கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது.

சொர்ணத்தாய்க்குப் பொல்லாத வாய். அந்த வாயாலும் அதைச் சொல்ல முடியவில்லை. மெள்ளக் கையை எடுத்தாள். சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சும்மாடு எங்கட்டி?" என்று மருமகளை அதட்டினாள். "துணிய நல்லாச் சுத்தி வை. நாலு வீட்டுப் பொருளு. நீ பாட்டுக்கு ஆட்டிக்கிட்டுப் போயிராத."

சந்தனமாரி துணியைச் சுற்றித் தலையில் வைத்தாள். வேலம்மாவும் செல்லக்கிளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

"பேரன் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள் சொர்ணத்தாய்.

சந்தனமாரி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன முழிக்க? கொளத்துக்குப் போயிட்டு வார வரைக்கும். தலையில சட்டி, இடுப்புல பிள்ளன்னு கரகாட்டமா ஆடப் போற?"

முளைகளைக் குளத்தில் கரைத்துவிட்டு எல்லாரும் கரையேறினார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. ஆவுடையம்மாள் படித்துறையில் நின்று சேலை முந்தியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சந்தனமாரி காலிச் சட்டியோடு அவள் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, எங்கத்தை மாறிட்டாளோ?"

"ஒரு பொழுதுல யாருட்டி மாறுவா?"

"அப்போ நாளைக்கும் வைவா."

"வைவா."

"நாளைக் கழிச்சும்?"

"அவளுக்கு வாய் இருக்க மட்டும்."

"பொறவு என்னத்துக்குக்கா இவ்வளவும்? மூணு வீட்டு முளையவும் புடுங்கி?"

ஆவுடையம்மாள் முந்தியை உதறி இடுப்பில் செருகினாள்.

"இனிமே வையும்போது, நாங்க வந்துருவோமோன்னு அவளுக்கு ஒரு கண்ணு வாசல்ல இருக்கும்."