சீட்டுக்கு அடியில் கிடந்தது

கார் ரைஸ்மில் முதலாளி சிங்காரவேலுடையது. பின்சீட்டுத் தோலில் விழுந்த கிழிசல் மட்டும் டிரைவர் மாசிலாமணியுடையதாம்.

"நீதானடா கிழிச்சே. சாயங்காலத்துக்குள்ள அதே தோல், அதே நிறத்துல ஒட்டுப் போட்டிருக்கணும். இல்லேன்னா வேலை கிடையாது."

கடை கடையாக அலைந்தும் அந்தச் சிவப்பு கிடைக்கவில்லை. மாசிலாமணி சீட்டையே கழற்றினான். யார் கண்ணிலும் படாத அடிமடிப்பில் ஒரு துண்டு வெட்டி, ஐம்பது ரூபாய்ப் பசையில் கிழிசலை ஒட்டிவிட்டான்.

முதலாளி தடவித் தடவிப் பார்த்தார். "இந்தத் தோல் ஏதுடா?"

"உங்க சீட்டுக்கு அடியிலேயே இருந்ததுங்க. கூடவே இதுவும் கிடந்தது."

முதலாளி பெயர் பொறித்த பாட்டில் ஓப்பனர். நுனியில் சிவப்புத் தோல் ஒட்டியிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நீ உட்கார்ந்து குடிச்சிருப்பே."

"என்னைப் பின்சீட்டுல என்னைக்குங்க உட்கார விட்டீங்க?"

பதிலுக்குக் கார் சாவியைக் கேட்டு முதலாளியின் கைதான் நீண்டது.