அண்ணாச்சி நடத்தியபடி ஒரு பட்டாசுக் கடை

ஊருக்கெல்லாம் புத்தி பங்கு வைத்த அன்றைக்கு நொச்சிக்குளத்தில் கோயில் கொடை. எல்லோரும் போய்த் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள். மூன்று பேர் மட்டும் வில்லுப்பாட்டு கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். சடையாண்டி, அவன் தம்பி உச்சிமாகாளி, மச்சினன் கொம்பையா.

இந்த மூவரும் சேர்ந்து சங்கிலி அண்ணாச்சியின் பட்டாசுக் கடையை விலைக்கு வாங்கினார்கள். அதற்காகச் சடையாண்டி தன் உழவு மாடு இரண்டையும் விற்றிருந்தான். கடை போனால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பட்டாசு விற்க உரிமம் வேண்டும். கை மாறிய கடை என்பதால் அதிகாரி முப்பது நாளுக்குத் தற்காலிக உரிமம் ஒன்று கொடுத்தார்.

"நிரந்தர உரிமம் வர்ற வரைக்கும் பழைய ஓனர் நடத்தின மாதிரியே நடத்தணும். ஒரு துளி மாத்தினாலும் ரத்து பண்ணிருவேன்" என்றார்.

அவர் சொன்னது சரக்கு அடுக்குவதையும் தண்ணீர் வாளி வைப்பதையும். சடையாண்டியோ "ஒரு துளி, ஒரு துளி" என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

"அண்ணாச்சி எப்படிடா நடத்துனாரு?" என்று கேட்டான்.

"எடது காலை இழுத்து இழுத்து நடப்பாரு" என்றான் உச்சிமாகாளி.

"வெலை சொல்றதுக்கு முன்னால மூணு தடவை இருமுவாரு. மத்தியானம் பெஞ்சுல படுத்துக் குறட்டை விடுவாரு" என்றான் கொம்பையா.

"அவரு ஒரு ஆளு. நாம மூணு பேரும் இருமுனா ஒம்பது ஆயிருமே?" என்றான் சடையாண்டி.

இது நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. கடைசியில் இருமல் உச்சிமாகாளிக்கும், குறட்டை கொம்பையாவுக்கும், நொண்டல் சடையாண்டிக்கும் ஒதுக்கப்பட்டது. கொம்பையாவுக்குப் பகலில் தூக்கமே வராது. பாவம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டான்.

பத்தாம் நாள் சடையாண்டியின் மனைவி பேச்சியம்மாள் தூக்குச்சட்டியில் மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். வாசனை மூக்கைத் துளைத்தது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அண்ணாச்சி கல்யாணம் ஆகாதவர்.

"யாரு தாயி நீங்க? என்ன வெடி வேணும்?" என்றான்.

பேச்சியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தூக்குச்சட்டியோடு நேரே தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அவளுடைய தம்பிதான் கொம்பையா, அவனும் எழுந்து தடுக்கவில்லை. குறட்டை இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது. சடையாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணாச்சி அழுது யாரும் பார்த்ததில்லை. அடக்கிக்கொண்டான்.

இருபத்தொன்பதாம் நாள் கொம்பையா பெஞ்சிலிருந்து திடுக்கிட்டு எழுந்தான்.

"அத்தான், ஒண்ணை விட்டுட்டோம். அண்ணாச்சி கடையை வித்தாரே."

சடையாண்டி நொண்டிக்கொண்டே ஓடிவந்தான். மாடும் போய், பெண்டாட்டியும் போய், இப்போது கடையும் போய்விடுமா?

"யாருக்கு வித்தாரு?"

"நமக்குத்தான்."

"அப்ப வேற ஆளுக்கு வித்தா அது மாத்துனதா ஆயிரும்" என்றான் உச்சிமாகாளி.

அன்றைக்கே பத்திரம் எழுதினார்கள். விற்பவர் இடத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, வாங்குபவர் இடத்திலும் போட்டார்கள். சடையாண்டிக்கு உயிர் வந்தது.

மறுநாள் அதிகாரி சிரித்த முகத்தோடு வந்து நிரந்தர உரிமத்தை நீட்டினார். சடையாண்டி அதை வாங்காமல் கைகட்டி நின்றான்.

"ஐயா, இது பழைய முதலாளிங்க பேருல இருக்கு. கடை நேத்து கை மாறிருச்சு. புது ஆளுங்களுக்கு ஒரு தற்காலிக உரிமம் போட்டுக் குடுங்க."

"யாருய்யா புது ஆளுங்க?"

"நாங்கதான். பயப்படாதீங்கய்யா. முன்னால இருந்தவங்க மாதிரி இல்ல, கொஞ்சம் வெவரமானவங்க."